அத்தையை எந்த ஃபார்மட்டில் வைப்பது

“சுருதி தப்பினா கல்லறையிலேர்ந்து எந்திரிச்சு வர்ற அக்கா, தாம்பரத்துலேர்ந்து செங்கல்பட்டு வரைக்கும் எவனுக்காவது இருக்காளா, சொல்லு. எனக்கு இருக்கா. நேத்து மத்தியானம் வந்து, டெனர் பாடுற அத்தனை பேரையும் கண்டிச்சிட்டுப் போனா.”

சனிக்கிழமை காலை, சேலையூரில் தன் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு ஐசக் இப்படிப் பெருமையடித்தது மீன்காரி எல்லம்மாவிடம். பெருமையடித்தவருக்கு இடது காது போய்ப் பல காலம் ஆகிறது. தாம்பரம் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே உட்கார்ந்தே உத்தியோகத்தை முடித்தவர். அந்தக் காது ஏதோ ஒரு பீச் ஸ்டேஷன் மின்சார வண்டியில் ஏறிப் போய்விட்டது. வலது காதில் கருவி உண்டு. அதனால் அவருக்குக் கேட்டதைவிடத் தெருவுக்குக் கேட்டதே அதிகம். அந்தக் கருவி விசிலடிக்க ஆரம்பித்தால் கேம்ப் ரோடு நாய்கள் அத்தனையும் வரிசையில் வந்து நிற்கும்.

எல்லம்மா கூடையை இறக்கி, வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிக் காட்டிக்கொண்டே யோசித்தாள்.

“எங்க பக்கம் செத்தவங்கோ மீன்கொழம்பு வாசனைக்கு வருவாங்கோ சார். பாட்டு கேக்க வந்ததா நான் கேட்டதே இல்ல. உங்க வூட்ல எல்லாமே பெரிய எடமாத்தான் கீது.”

சமையலறை ஜன்னலில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆஷா, மாமனார் அடுத்த வார்த்தை எடுப்பதற்குள் பாத்திரத்தோடு வெளியே வந்துவிட்டாள். மாடம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். நிரூபிக்க முடியாத எதையும் வீட்டுக்குள் விடுவதில்லை, மாமனார் ஒருவரைத் தவிர. மீனை வாங்கிக்கொண்டு எல்லம்மாவை அனுப்பிவிட்டு, இதையெல்லாம் தெருவில் சொல்லாதீர்கள் மாமா என்று கேட்டுக்கொண்டாள். அவர் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதுதான் அவருடைய பதில்.

போன வாரம் நம்மோடு சேர்ந்து பீரோவைத் திறந்தவர்களுக்கு அந்த அந்துருண்டை நெடி இன்னும் மூக்கில் இருக்கும். அது தபீதாள் அத்தையின் பீரோ. அத்தை, ஐசக்குக்கு அக்கா. கல்யாணப் பேச்சைக் காம்பவுண்டுக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்து, தம்பியின் தாயில்லாத மகன் ஜெஃப்ரியை வளர்த்து ஆளாக்கி, மிச்ச நேரத்தில் சபைப் பாடகர் குழுவை ஆட்டி வைத்தவர். போன ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தார். நாளை ஞாயிறு, முதல் வருஷ நினைவு ஆராதனை; அதில் அவர் நடத்திய பாட்டுகளைப் போட்டுக் கேட்பதாக ஏற்பாடு.

அத்தை யாரையும் வாயால் திட்டியதில்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுத்து, ஒரே ஒரு ‘ச்சு’. அதோடு சரி. அந்தச் ‘ச்சு’வைக் கேட்ட பெரிய பெரிய ஆசாமிகளெல்லாம், ஏ.ஜி. ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் உட்பட, பாட்டுப் புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார்கள். ஒரு தடவை ஆர்கனே பயந்துபோய் ஒரு கட்டையை விழுங்கிக்கொண்டது, ஈஸ்டர் வரை துப்பவில்லை என்று சபையில் பேச்சு உண்டு.

சவுண்ட் சர்வீஸ் சவுரிமுத்துவைக் கொண்டு ஒத்திகைகளையெல்லாம் சிடியில் பதியச் சொல்வார் அத்தை. அடுத்த ஒத்திகையில் அதைப் போட்டுக் காட்டித் தப்பு செய்தவரின் மானத்தை வாங்குவார். வாங்கிய பிறகு சிடியைப் பத்திரமாகப் பட்டுப் புடவைகளுக்கு நடுவே வைத்து, சுற்றிலும் அந்துருண்டைகளைக் காவலுக்குப் போடுவார். பட்டுப் புடவையைப் பூச்சி அரிக்காமல் காப்பது கீர்த்தனையையும் காக்கும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்குதான் தப்பிப் போனது. அத்தனை வருஷமும் அந்துருண்டையின் ஆவி பிளாஸ்டிக்கைத் தின்றுகொண்டே இருந்திருக்கிறது. டப்பாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. சிடிக்களின் முகத்தில் மார்கழிப் பனி போல ஒரு புகைச்சல். நேற்று ஜெஃப்ரி முதல் சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டான். ஒருமுறை பாடியது. மறுபடி போட்டபோது டிரைவுக்குள் ஏதோ முனகிற்று, சுற்றிற்று, பிறகு சிடியை வெளியே துப்பிவிட்டது. இரண்டாவது சிடியும் அப்படியே. உயிரைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு தடவை பேசிவிட்டு அடங்கிவிடுகிற சிடிக்கள். அந்த ஒரு தடவையில் கம்ப்யூட்டர் எதை எழுதிக்கொள்கிறதோ அதுதான் மிச்சம்.

ஆகவே இட்லித் தட்டுக்கு முன்னால் எழுந்த கேள்வி இதுதான். அத்தையை எந்த ஃபார்மட்டில் வைப்பது?

ஆஷாவின் கணவன் ஜெஃப்ரி, காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்பவன். அவன் எம்பித்ரீ கட்சி. மனிதக் காதுக்கு எப்படியும் எட்டாததையெல்லாம் எம்பித்ரீ எடுத்துவிடும், பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும், பீரோ முழுவதும் ஹார்ட் டிஸ்க்கின் ஒரு மூலையில் அடங்கிவிடும், காரிலும் கேட்கலாம் என்று விளக்கினான்.

காதுக்கு எட்டாது என்று தீர்மானம் செய்வது யார் என்று ஐசக் கேட்டார். அது ஒரு ஃபார்முலா என்றான் மகன்.

“அந்த ஃபார்முலாவுக்கு எங்க அக்காவைத் தெரியுமாடா?”

ஜெஃப்ரி சட்னியைத் தொட்டுக்கொண்டு, வேறு வழிகளும் இருப்பதாக ஒப்புக்கொண்டான். வேவ் என்று ஒன்று. அது புடவையை மடிக்காமல் அப்படியே விரித்துப் போடுவது, அதற்கு இந்த ஹார்ட் டிஸ்க் போதவே போதாது. ஃப்ளாக் என்று இன்னொன்று. அது புடவையை மடித்து வைப்பது. பிரித்தால் ஒரு நூல்கூடக் குறையாது. “எம்பித்ரீன்னா, முந்தானையை வெட்டிட்டு மடிக்கிறதுப்பா. உடுத்தினா தெரியாது.”

“எங்க அக்காவுக்குத் தெரியும்.”

ஆனால் ஃப்ளாக்குக்கும் இடம் வேண்டும். ஜெஃப்ரி சேர்த்து வைத்திருந்த பழைய கிரிக்கெட் மேட்சுகள் அத்தனையையும் அழித்தால்தான் இடம் கிடைக்கும். அதைச் சொல்லும்போது அவன் முகம், வீட்டில் இன்னொரு சாவு விழுந்ததுபோல் ஆகிவிட்டது.

ஆஷா எம்பித்ரீக்கே கை தூக்கினாள். நாளைக்குள் வேலை முடிய வேண்டாமா என்று காரணம் சொன்னாள். இன்னொரு காரணமும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டுக்கு ஒன்று என்று தோற்றுப்போன ஐசக், பந்தயத்துக்குக் கூப்பிட்டார். என் கண்ணைக் கட்டிச் சுவரைப் பார்த்து உட்கார வைக்கட்டும். ஒரே பாட்டை ஒரு தடவை முழுசாக, ஒரு தடவை எம்பித்ரீயாகப் போடட்டும். எதில் அக்கா இருக்கிறாள், எதில் இல்லை என்று சொல்கிறேன். தப்பினால் நாளை ஆராதனையில் வாயே திறக்க மாட்டேன் என்றார். கடைசி நிபந்தனையில் வீட்டாருக்கு ஆசை வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் இருந்தது அத்தையின் அறையில்தான். அந்த அறையில்தான் பிளக் பாயின்ட் ஒழுங்காக வேலை செய்தது. அத்தையின் கட்டில்மேல் சிடிக்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். ஐசக் ஸ்டூலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, மறுபடி மாட்டியிருந்த கருவியையும் கழற்றி மேஜைமேல் வைத்தார். அக்காவைக் கேட்க அது எதற்கு என்றார்.

ஜெஃப்ரி ஒரு ஒத்திகையை முழுசாக ஏற்றி, அதிலிருந்தே ஒரு எம்பித்ரீயும் செய்துகொண்டு, மாற்றி மாற்றிப் போட்டான். சபையே திரண்டு பாடுகிற பாட்டு; ஆண்கள், பெண்கள், ஆர்கன், சவுரிமுத்துவின் மின்விசிறி. முழுசாகப் போட்டபோதெல்லாம் ஒரே இடத்தில் ஐசக்கின் ஆள்காட்டி விரல் உயர்ந்தது. எம்பித்ரீயில் இரண்டு கையும் மடியிலேயே கிடந்தன. வரிசையை மாற்றினான், ஒரே ஃபைலை அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தான். விரல் ஏமாறவில்லை.

ஜெஃப்ரிக்கு எதிலும் எதுவும் கேட்கவில்லை.

ஆஷாவுக்குக் கேட்டது. டெனர் பாடுகிற ஆண்களின் குரல் கொஞ்சம் இறங்கிய இடத்தில், அத்தனை குரலுக்கும் அடியில், ஒரு ‘ச்சு’.

“பல்லி மாமா,” என்றாள். “டியூப்லைட்டுக்குப் பின்னாடி.”

பல்லி நிஜமாகவே இருந்தது. விளக்குமாறால் அதை விரட்டி, ஜன்னலைச் சாத்தி, மறுபடி போடச் சொன்னாள். விரல் மறுபடி உயர்ந்தது. பாட்டின் தாளத்தை எண்ணிக்கொண்டு தூக்குகிறார் என்றாள். அப்படியானால் எம்பித்ரீயிலும் தூக்கியிருக்க வேண்டுமே என்று ஜெஃப்ரி சொல்ல, கணக்கு டீச்சருக்குக் கணக்கு இடித்தது. தற்செயல் என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

ஒரே மீனை இரண்டு தடவை கழுவினாள். காரணம் டெனர் அல்ல. கட்டிலின் ஓரத்தில் ஒரு சிடி இருந்தது. ‘கிறிஸ்மஸ் 2007’ என்று சவுரிமுத்துவின் கோணல் எழுத்து. அத்தை செத்த பிறகு எடுத்தது; யாரோ அதையும் கொண்டுபோய் பீரோவில் சேர்த்திருந்தார்கள்.

ஆஷா ஒரு காலத்தில் குழுவில் சோப்ரானோ, பெண்களின் உச்சக் குரல். கல்யாணமாகி வந்த புதிதில், நிறைந்த ஒத்திகையில், அத்தை அவளைப் பார்த்து ஒரு ‘ச்சு’ போட்டார். மறுவாரத்திலிருந்து அவள் குழுவுக்குப் போகவில்லை. அத்தையும் கூப்பிடவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, உப்பு, துணி, பால் கணக்கு எல்லாம் பேசினார்கள். பாட்டு மட்டும் பேசவில்லை. அத்தை போன பிறகு, குழு வந்து கெஞ்சியது. கிறிஸ்மஸுக்கு அத்தையே எழுதி மெட்டமைத்த கீர்த்தனையை ஆஷாதான் தனியாகப் பாட வேண்டும் என்றது. பாடினாள்.

இறந்தவரின் நாற்காலியில், அந்த வருஷத்துக் கிறிஸ்மஸ் வரை அவருடைய அங்கியை மடித்து வைப்பது அந்தக் குழுவின் வழக்கம். ஆஷாவின் இடப்பக்கம் அந்த நாற்காலி. ‘தீவட்டி இல்லாத் தெருவழியே வந்தவரே’ என்ற வரியை ஒரே மூச்சில் பாட வேண்டும். அவளுக்கு மூச்சு போதவில்லை. ‘தெரு’வுக்கும் ‘வழியே’க்கும் நடுவில், எறும்பு விடுகிற அளவு ஒரு மூச்சு திருடினாள். யாருக்கும் தெரியவில்லை. ஆயர் அழுதார். பின்வரிசை அழுதது.

இடப்பக்க நாற்காலியிலிருந்து, தெளிவாக, ‘ச்சு’.

அன்றிலிருந்து ஆஷா குளியலறையில்கூடப் பாடுவதில்லை. அது தன் மனப்பிராந்தி என்று தனக்குத் தானே நிரூபித்தும் வைத்திருந்தாள். அந்தச் சிடியில் அது பதிந்திருந்தால் நிரூபணம் உடைந்துவிடும்.

மதியச் சாப்பாட்டுக்குள் கிரிக்கெட் மேட்சுகள் ஒவ்வொன்றாக மடிந்தன. ஃப்ளாக் வென்றது. சிடிக்கள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின. ஆனால் டிரைவ் சூடேறித் தடுமாறியது. லேபில் இதைவிட நல்ல டிரைவ் ஒன்று இருக்கிறது, போய் எடுத்து வருகிறேன் என்று ஜெஃப்ரி பைக்கை எடுத்தான். சிடியைப் போடு, ஃப்ளாக்கைத் தேர்ந்தெடு, பட்டனை அழுத்து, அவ்வளவுதான் என்று ஆஷாவுக்குச் சொல்லிக்கொடுத்தான். ரொம்பப் புகைந்த சிடிக்களையும் அந்தக் கிறிஸ்மஸ் சிடியையும் மட்டும் தான் வரும்வரை தொட வேண்டாம் என்றான்.

ஐசக்கும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கும் ஆள் வந்திருப்பானாம்.

“அக்கா இங்கதாம்மா இருப்பா. அங்க வீட்டை மட்டும் ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன்,” என்று மருமகளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் ஆஷா மட்டும். சிடியைப் போட்டாள், எடுத்தாள், போட்டாள், எடுத்தாள். வெயில் கட்டில்வரை வந்து, சிடிக்களின் புகைந்த முகங்களில் பட்டு, கூரையில் மங்கலான வட்டங்களாக நின்றது. ஒவ்வொரு சிடியும் அடங்கும்போது டிரைவ் மெல்லப் பெருமூச்சு விட்டது. அது பெருமூச்சல்ல, மோட்டார் நிற்கிற சத்தம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தாள்.

கை தானாகக் கிறிஸ்மஸ் சிடிக்குப் போயிற்று.

ஜெஃப்ரி வந்தால் இதை முழுசாக, நூல் பிசகாமல், மடித்து வைத்துவிடுவான். நாளை சபை நடுவே போடுவார்கள். மாமனாரின் விரல் உயரும். அதற்கு முன்னால் இது எம்பித்ரீயாகிவிட்டால், யாருடைய காதுக்கும் எட்டாதது தானாக உதிர்ந்துவிடும். சிடியும் செத்துவிடும். எப்போதும் இல்லாததாகவே ஆகிவிடும்.

ஆஷா எம்பித்ரீயைத் தேர்ந்தெடுத்தாள். அதிலும் தரத்தை, இதற்குமேல் இறங்காது என்று கம்ப்யூட்டர் சொல்லும்வரை இறக்கினாள். பட்டனை அழுத்தினாள்.

டிரைவ் அதுவரை எழுப்பாத ஒரு சத்தத்தை எழுப்பியது. மெல்லிய ஊளை. நடுவில் இரண்டு தடவை நின்று யோசித்தது. முடித்ததும் சிடியை வெளியே தள்ளியது. மறுபடி போட்டுப் பார்த்தாள். சிடி எதுவும் உள்ளே இல்லை என்றது கம்ப்யூட்டர்.

பாட்டைப் போட்டாள்.

தன் குரலைத் தானே கேட்பது வேற்று வீட்டுக்குள் நுழைவதுபோல் இருந்தது. தகர டப்பாவுக்குள் இருந்து வந்தாலும் நல்ல குரல்தான். அந்த வரி வந்தது. தெரு, மூச்சு, வழியே. வேறெதுவும் இல்லை. மறுபடி போட்டாள். ஒன்றுமில்லை. காதை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்து மறுபடி கேட்டாள். சுத்தம்.

ஆஷா நாற்காலியில் சாய்ந்து, பல மாதமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கரன்ட் போயிற்று. அந்த ஆண்டு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. கம்ப்யூட்டர் திரை கறுத்தது. ஃபிரிட்ஜ் ஒருமுறை உதறிவிட்டு அடங்கியது. தெருவிலும் ஒரு சத்தமில்லை; எங்கோ தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த மின்சார ரயில்கூட நின்றுவிட்டதுபோல் இருந்தது.

இடப்பக்கம், கட்டிலிலிருந்து, ‘ச்சு’.

ஆஷா முதலில் பார்த்தது டியூப்லைட்டைத்தான். பல்லி இல்லை. காலண்டரைத் தூக்கிப் பார்த்தாள். பீரோவின் பின்னால் பார்த்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது. கட்டிலைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்க்காமலேயே, அங்கே யாரோ முழங்கையை மடித்துத் தலைக்குக் கொடுத்துச் சாய்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. அத்தை மத்தியானத்தில் அப்படித்தான் சாய்ந்திருப்பார்.

ஓடியிருக்கலாம். கதவு மூன்றடி தூரம். கால் வரவில்லை. வாய்தான் வந்தது.

“தீவட்டி இல்லாத் தெரு...” மூச்சு முட்டியது. “வழியே வந்தவரே.”

‘ச்சு.’

மறுபடி பாடினாள். இந்த முறை மூச்சைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, ‘வந்தவரே’க்கு முன்னால் திருடினாள். கட்டில் ஒரு கணம் யோசித்தது. ‘ச்சு.’

அப்போதுதான் ஆஷாவுக்குக் கோபம் வந்தது. கண்ணீரும் கூடவே வந்தது. அவ்வளவு வருஷம் ஒரே சமையலறையில் இருந்தும் ஒரு வார்த்தை சொல்லித் தராமல் இப்போது வந்து படுத்துக்கொண்டு என்ன ‘ச்சு’ என்று மனதுக்குள் கத்தினாள். எழுந்து நின்றாள். தோளை இறக்கினாள். அடிவயிறு நிறைய மூச்சை வாங்கிக்கொண்டு, யாருக்காகவும் இல்லாமல், அந்த வரியை முதலிலிருந்து கடைசிவரை ஒரே இழையாகப் பாடினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷனில் இறங்க இருந்த ஒரு விமானம் பாட்டு முடியட்டும் என்று இன்னொரு சுற்று சுற்றிவிட்டு வந்ததாகப் பின்னால் ஐசக் சொல்லுவார். அதை இப்போதே நம்ப வேண்டியதில்லை.

காத்திருந்தாள்.

சத்தமில்லை. கட்டிலில் சிடிக்களின் ஓர் அடுக்கு, யாரோ எழுந்துகொண்டதும் மெத்தை நிமிர்வதுபோல, லேசாகச் சரிந்து ஓய்ந்தது.

ஐசக் வந்தபோது கையெல்லாம் சுண்ணாம்பு. அறை வாசலிலேயே நின்றார். தெருமுனை வரை கேட்டது என்றார். ஆஷா மேஜையைப் பார்த்தாள். காலையில் கழற்றி வைத்த கருவி அங்கேயே இருந்தது. அவரும் அதைப் பார்த்தார். எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, கல்லறைப் பக்கம் ஆயரைப் பார்த்ததாகவும், நாளை ஆராதனையில் மருமகள் பாடுவாள் என்று தான் வாக்குக் கொடுத்துவிட்டதாகவும், இப்போதுதான் நினைவு வந்தவர்போல் சொன்னார். யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள் என்று ஆஷா கேட்கவில்லை.

கரன்ட்டும் ஜெஃப்ரியும் ஒன்றாக வந்தார்கள். அவன் கையில் துணியில் சுற்றிய டிரைவ். அதை மாட்டிக்கொண்டே திரையைப் பார்த்தவன் நின்றுவிட்டான்.

“கிறிஸ்மஸை யாரு எம்பித்ரீ ஆக்கினது?”

“நான்தான்.”

“கை தவறிடுச்சா?”

“இல்ல. வேணும்னுதான்.”

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, அத்தையின் பாட்டு இருந்த ஒரே சிடி இது, தெரியுமா என்று மட்டும் கேட்டான். அவனை வளர்த்த கை அந்தப் பாட்டை எழுதிய கை. ஆஷா தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். திருடிய மூச்சைச் சொன்னாள். எம்பித்ரீயில் அந்த இடம் சுத்தமாக இருந்ததைச் சொன்னாள். கரன்ட் போனதைச் சொன்னாள். அதற்குமேல் சொல்ல வரும்போது நிறுத்திக்கொண்டாள். அது கணக்கில் வராத பகுதி.

ஜெஃப்ரி செத்த சிடியைச் சட்டை நுனியால் துடைத்து, புது டிரைவில் வைத்து, உள்ளே தள்ளினான். பச்சை விளக்கு மினுக்கத் தொடங்கியது. மினுக்கிக்கொண்டே இருந்தது. படிக்கிறதா, தேடுகிறதா என்று சொல்ல முடியாத மினுக்கல்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஐசக் மகனை ஒன்று கேட்டார்.

“ஏண்டா, எம்பித்ரீ வேணாம்னு எடுத்துப் போடுதே, அதை எங்கடா போடும்?”

“எங்கயும் போடாதுப்பா. இல்லாம போயிடும்.”

“இல்லாம எப்படிடா போகும்? இருந்தது எங்கயாவது இருக்கணுமில்ல.”

ஜெஃப்ரியிடம் அதற்கு ஃபார்முலா இல்லை. வழக்கமாக இந்த மாதிரி இடத்தில், மாமா, சும்மா இருங்க என்று ஒரு குரல் வரும். இன்று வரவில்லை. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆஷா கட்டிலில் சரிந்து கிடந்த சிடிக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றை ஒதுக்கி, ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் பண்ணினாள்.

ஐசக்கின் குரல், வாழ்க்கையில் முதல்முறையாக, அடங்கி வந்தது.

“வந்தாளாம்மா?”

“வந்தாங்க மாமா,” என்றாள் ஆஷா. “கிறிஸ்மஸ் அன்னிக்கும் வந்தாங்க. நான்தான் இல்லைன்னு சொல்லிட்டே இருந்தேன்.”